நிலைகளைக் குறைப்பதும் ஆய்வே

கைப்பேசியில் பேசியபடியே வளாகத்தின் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு நடக்கிறோம். வைஃபை வழிச் செல்லும் உரையாடல் அறுபடாமல் இருப்பது, சாதனம் பழைய அணுகல் புள்ளியை விட்டுப் புதியதைப் பற்றும் கணத்தைக் கையாளும் நிரலைப் பொறுத்தது. அந்நிரலைப் பற்றியதே இப்பதிவு.

ஐஈஈஈ 802.11 தரநிலையின் வழக்கமான வரிசை எளியது: முதலில் அடையாள உறுதி, பின்னர் இணைப்பு, இறுதியில் மறையாக்கத் திறவுகோலை நிறுவுதல். இம்மூன்றையும் மூன்று தனித்தனி ஆம்-இல்லை மாறிகளாக எழுதுவது நம் பழக்கம். நானும் அவ்வாறே எழுதியவன். மூன்று மாறிகள் எட்டுச் சேர்க்கைகளைத் தரும். அவ்வரிசையில் பொருளுள்ளவை நான்கே. எஞ்சியவை ‘நிகழா’ என்ற நம்பிக்கையில் கைவிடப்படுகின்றன. பிழைகள் குடியேறுவது அங்கேதான்.

ஒரே நிலை மாறி, நான்கே மதிப்புகள் என அமைத்தால் அப்பொருளற்ற சேர்க்கைகளை எழுதவே இயலாது. அலைவிலும் இவ்வாறே: ஒரு சாதனம் ஒரே நேரத்தில் பல அணுகல் புள்ளிகளிடம் அடையாள உறுதி பெற்றிருக்கலாம், இணைந்திருப்பதோ ஒன்றனுடன் மட்டுமே. ஆகவே உறுதியை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். இணைப்புக்கு ஒரேயோர் இடம் போதும்.

இது வெறும் அழகியல் அன்று. 2017-இல் மேத்தி வான்ஹோஃப், ஃபிராங்க் பீசென்ஸ் இருவரும் வெளியிட்ட ‘கிராக்’ தாக்குதலை நினைவுகூர்வோம். மீண்டும் வந்த மூன்றாம் செய்தியைக் கண்ட சாதனம், பயன்பாட்டில் இருந்த திறவுகோலையே மறுபடி நிறுவியது, பொதி எண்ணிக்கை தொடக்கத்துக்குத் திரும்பியது, மறையாக்கம் தளர்ந்தது. விரைவு அலைவுக்கான 802.11ஆர் முறையும் தப்பவில்லை. நெறிமுறைக்குக் கணித நிறுவல் இருந்தது; திறவுகோலை எந்தத் தருணத்தில் நிறுவ வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை.

நிலைகளின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தால் மட்டும் அது தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்லேன். செய்தி மீண்டும் வருவது இயல்பு. அதற்கு விடையளிக்கவும் வேண்டும். ஆனால் ‘இந்த நிலையில் இந்தச் செய்தி வந்தால் என்ன செய்வது?’ என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பக் கூடிய சிறு அட்டவணை இருந்தால், அக்கேள்வியிலிருந்து ஒருவரும் தப்ப முடியாது. வேண்டாத நிலையை நீக்குவது வேறு. வேண்டிய நிலையை மறைப்பது வேறு.

நம் துறையில் புதிய அலைவு வழிமுறைக்குக் கட்டுரை உண்டு. நீக்கிய வரிகளுக்கு மதிப்பெண் இல்லை. நெறியாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: மாணவரின் செயல்திறன் வரைபடத்தைக் கேட்குமுன் அவருடைய நிலை அட்டவணையைக் கேளுங்கள். அது ஒரு பக்கத்தில் அடங்காவிடில், ஆய்வு இன்னும் முடியவில்லை.