அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சிட்டா நகல் வேண்டுமென்றால் ஒரு காலத்தில் அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வி.ஏ.ஓ. அலுவலகத் திண்ணையில் காத்துக் கிடப்பார். அதிகாரி வெளியே போயிருந்தால் மறுநாளும் நடை. இன்று தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அடித்தால் போதும். யார் பெயரில் இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா, எத்தனை ஹெக்டேர் எத்தனை ஏர், தீர்வை எவ்வளவு என்று அத்தனையும் திரையில் வந்து நிற்கும். காசு கிடையாது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும் இலவசமாகவே பார்க்கலாம்; சான்றிட்ட நகலுக்குத்தான் கட்டணம்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினார். கிளம்பும் நேரத்தில் உட்பிரிவு எண்ணைப் போட்டுப் பார்த்தோம். பட்டா வேறு யார் பெயரிலோ இருந்தது. மஞ்சள் பையிலிருந்த பணம் அப்படியே வங்கிக்குத் திரும்பியது. தரகர் சொல்லை மட்டுமே நம்பிச் சேமிப்பை இழந்த குடும்பங்களை நினைத்தால், இந்த வசதியின் அருமை புரிகிறது. பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். பதிவான அடமானம் வில்லங்கத்தில்தான் தெரியும். இரண்டையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.