இயந்திரம் எழுதலாம், கையெழுத்து யாருடையது?

"படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே!"

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும் நமக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி இதுதான். கைநாட்டு வைத்த காலத்தில் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். கடன் பத்திரம் என்று சொல்லி, கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிய கதை ஊருக்கு ஊர் உண்டு.

இந்தப் புத்திமதி இப்போது யாருக்குத் தேவைப்படுகிறது தெரியுமா? வக்கீல்களுக்கு!

காரணம், ஒரு புதிய இயந்திரம். அதற்குப் பெயர் செயற்கை நுண்ணறிவு. சுருக்கமாக ஏ.ஐ. என்கிறார்கள். கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. கையில் உள்ள செல்போனிலும் இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும். கடிதம் எழுதச் சொன்னால் எழுதும். கோர்ட்டில் கொடுக்க மனு எழுதச் சொன்னாலும் எழுதும். ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இது நல்லதா, கெட்டதா? நல்லதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. கையெழுத்துப் போடுகிறவர் படித்துப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே சாட்சி.

விமானத்தில் இடித்த வண்டி

2019-ம் ஆண்டு, எல்சால்வடார் நாட்டில் இருந்து நியூயார்க் நகருக்கு ஒரு விமானம் சென்றது. பயணிகளுக்குச் சாப்பாடு, பானம் கொண்டு வரும் தள்ளுவண்டி ஒரு பயணியின் முழங்காலில் இடித்துவிட்டதாம். அவர் ஏவியங்கா என்ற விமான கம்பெனி மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

கம்பெனி என்ன சொன்னது? "காலம் கடந்துவிட்டது. வெளிநாட்டு விமானப் பயணத்தில் காயம் பட்டால் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இவர் தாமதமாக வந்திருக்கிறார். தள்ளுபடி செய்யுங்கள்" என்றது.

பயணியின் வக்கீல்கள் விடவில்லை. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் பதில் மனு கொடுத்தார்கள். "இதே போன்ற வழக்குகளில் பல கோர்ட்டுகள் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி இருக்கின்றன" என்று பழைய தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்தத் தீர்ப்புகளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. நீதிபதியும் தேடினார். கிடைக்கவில்லை. "அந்தத் தீர்ப்புகளின் நகலைக் கொண்டு வாருங்கள்" என்று உத்தரவு போட்டார். நகலும் வந்தது. ஆனால் படித்தால் முன்னுக்குப் பின் முரணாக இருந்தது.

பிறகுதான் குட்டு உடைந்தது. 30 ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ள ஒரு வக்கீல், சாட் ஜி.பி.டி. என்ற ஏ.ஐ. இயந்திரத்திடம் தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறார். இயந்திரம் தானாகக் கற்பனை செய்து கொடுத்துவிட்டது. அப்படி 6 வழக்குகள்! "இவை உண்மையான வழக்குகள்தானா?" என்றும் அவர் கேட்டிருக்கிறார். "ஆம்" என்று இயந்திரம் கூசாமல் சொல்லி இருக்கிறது. கோர்ட்டு கேட்ட நகலையும் இயந்திரமே எழுதிக் கொடுத்திருக்கிறது!

மனுவில் கையெழுத்துப் போட்டவர் யார்? அதே அலுவலகத்தில் வேலை பார்த்த இன்னொரு வக்கீல். அவர் அந்தத் தீர்ப்புகளில் ஒன்றைக்கூட எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை. கூட்டாளி எழுதியதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

2023-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி நீதிபதி கெவின் காஸ்டெல் உத்தரவு பிறப்பித்தார். 2 வக்கீல்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் சேர்த்து 5 ஆயிரம் டாலர் அபராதம். எந்த நீதிபதிகள் பெயரில் பொய்த் தீர்ப்பு எழுதப்பட்டதோ, அந்த நீதிபதிகளுக்கு எல்லாம் நடந்ததைச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

ஒன்றைக் கவனியுங்கள். "இயந்திரத்தைப் பயன்படுத்தியது குற்றம்" என்று நீதிபதி சொல்லவில்லை. நம்பகமான கருவியின் உதவியை வக்கீல் பெறுவதில் தவறு இல்லை என்றே சொன்னார். சரிபார்க்காமல் கோர்ட்டில் கொடுத்ததும், சந்தேகம் வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றதும்தான் குற்றம்.

பயணியின் வழக்கு என்ன ஆயிற்று? காலம் கடந்துவிட்டது என்று அதே நாளில் தள்ளுபடி ஆகிவிட்டது. பொய்த் தீர்ப்புகள் அவருக்கு ஒரு காசுகூட வாங்கித் தரவில்லை.

இயந்திரம் ஏன் பொய் சொல்கிறது?

இயந்திரத்துக்கு யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. அதற்கு எண்ணமே கிடையாது!

கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து அதைப் பழக்கி இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று அது கணக்குப் போடுகிறது. தீர்ப்பு எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பது அதற்குத் தெரியும். அந்த அச்சில் வார்த்தைகளைக் கோத்துத் தருகிறது. அப்படி ஒரு தீர்ப்பு உண்மையில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதைத் தெரிந்துகொள்ளத் தீர்ப்புப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

நாம் ஒரு வீடு வாங்குகிறோம். விற்கிறவர் அழகான பத்திரத்தைக் காட்டுகிறார். முத்திரை இருக்கிறது, எழுத்து சுத்தமாக இருக்கிறது என்று உடனே பணம் கொடுத்துவிடுவோமா? பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் அல்லவா? இயந்திரம் தரும் தீர்ப்புக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் வந்துவிட்டது

"அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது, நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது.

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பெங்களூரில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. அதில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு என்றும், சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பு என்றும் சில வழக்குகள் காட்டப்பட்டு இருந்தன. தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை! உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இது ஏ.ஐ.யின் வேலையாக இருக்கும் என்று வக்கீல்கள் மத்தியில் பேச்சு எழுந்தது.

வக்கீல் தவறு செய்தால் நீதிபதி பிடிப்பார். தீர்ப்பிலேயே தவறு வந்தால் யார் பிடிப்பது? குடியானவன் எங்கே போவான்?

அதற்காக இயந்திரத்தைக் கோர்ட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்பதும் சரி அல்ல. நம் நாட்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. தாத்தா போட்ட பாகப்பிரிவினை வழக்கைப் பேரன் நடத்துகிறான். இயந்திரம் வேலையை விரைவாக்கும் என்றால், அது ஏழைக்குத்தான் முதல் லாபம்.

இதை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் திட்டத்தின் 3-வது கட்டத்துக்கு 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மத்திய மந்திரிசபை ரூ.7 ஆயிரத்து 210 கோடி ஒதுக்கியது. அதில் ஏ.ஐ. போன்ற புதிய தொழில்நுட்பங்களுக்கு மட்டும் ரூ.53 கோடியே 57 லட்சம்.

"லீவு" கொடுத்த கோர்ட்டு!

நமக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. அது மொழி.

சுப்ரீம் கோர்ட்டும் ஐகோர்ட்டும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தன் வழக்கின் தீர்ப்பு என்ன என்பதை, இன்னொருவர் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. இதை மாற்ற, தீர்ப்புகளை மொழிபெயர்க்கும் "சுவாஸ்" என்ற ஏ.ஐ. கருவி 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் சுப்ரீம் கோர்ட்டில் அறிமுகம் ஆனது. தமிழிலும் தீர்ப்புகள் வருகின்றன. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் இங்கும் ஒரு கண் தேவை. ஆங்கிலத்தில் "லீவ் கிராண்டட்" என்று தீர்ப்பில் எழுதுவது உண்டு. "மேல்முறையீடு செய்ய அனுமதி கொடுக்கப்பட்டது" என்பது அதன் பொருள். இதை இந்தியில் மொழிபெயர்த்த ஒரு இயந்திரம், "விடுமுறை கொடுக்கப்பட்டது" என்று போட்டுவிட்டது! சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த வழக்குக்காரருக்குச் சிரிப்பு வருமா?

கேரளா காட்டிய வழி

இந்த விஷயத்தில் கேரள ஐகோர்ட்டு ஒரு நல்ல கோடு போட்டிருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம், தன் கீழ் உள்ள கோர்ட்டுகளுக்கு விதிமுறைகளை வெளியிட்டது. தீர்ப்பு எழுதவும், யார் பக்கம் நியாயம் என்று முடிவு செய்யவும் ஏ.ஐ.யைப் பயன்படுத்தக்கூடாது. அனுமதி பெற்ற கருவிகளை மட்டுமே தொட வேண்டும். இயந்திரம் மொழிபெயர்த்தால் அதை மனிதர் சரிபார்க்க வேண்டும். தீர்ப்புக்கு நீதிபதியே பொறுப்பு. இவைதான் அதன் சாரம்.

அதே ஐகோர்ட்டு, சாட்சிகள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்ய ஏ.ஐ.யைப் பயன்படுத்தும்படி கீழ்க் கோர்ட்டுகளுக்குச் சொல்லி இருக்கிறது. அதாவது, எழுத இயந்திரம், தீர்க்க மனிதன்! எல்லா மாநிலங்களும் இந்தக் கோட்டைப் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து.

"மனிதன் தப்பே செய்வதில்லையா?" என்று கேட்கலாம். செய்கிறான். ஆனால் தப்புச் செய்த வக்கீலைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அபராதம் போடலாம். பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். தீர்ப்புத் தவறானால் அப்பீல் போகலாம். இயந்திரத்தை யார் முன்னால் நிறுத்துவது? அதற்கு மானமும் இல்லை, பயமும் இல்லை. இழப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. இழக்கப்போவது நம் வீடும் நிலமும்தான்.

இளம் வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தீர்ப்புகளைத் தேடி அலைந்துதான் இதுவரை ஒவ்வொரு ஜூனியரும் தொழில் கற்றார். தேடும் வேலை முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், நாளை எது உண்மைத் தீர்ப்பு, எது பொய்த் தீர்ப்பு என்று கண்டுபிடிக்க ஆள் இருக்காது.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது

வீட்டுக்கு ஒரு சம்மன் வருகிறது, அல்லது வக்கீல் நோட்டீசு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகனோ மகளோ செல்போனில் ஏ.ஐ.யிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும். தவறு இல்லை. ஆனால் 4 விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று: அர்த்தம் கேளுங்கள், முடிவு கேட்காதீர்கள். "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்கலாம். "நான் ஜெயிப்பேனா? கோர்ட்டுக்குப் போகாமல் இருக்கலாமா?" என்று கேட்டு அதன்படி நடக்கக்கூடாது. அமெரிக்காவில் டூநாட்பே என்ற கம்பெனி, தன் இயந்திரத்தை "ரோபோ வக்கீல்" என்று விளம்பரம் செய்தது. உண்மையான வக்கீலுக்கு அது சமம்தானா என்று சோதித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது அதன் மீது வந்த புகார். அந்த நாட்டு மத்திய வர்த்தக கமிஷன் 2025-ம் ஆண்டு பிறப்பித்த இறுதி உத்தரவின்படி, அந்தக் கம்பெனி 1 லட்சத்து 93 ஆயிரம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

இரண்டு: தேதியைப் பாருங்கள். விமானப் பயணி தோற்றது காலம் கடந்ததால்தான். நோட்டீசில் எத்தனை நாள் கெடு என்று பார்த்து, அதற்குள் ஒரு வக்கீலிடம் போய்விடுங்கள்.

மூன்று: ரகசியத்தைக் கொட்டாதீர்கள். நாம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது உண்டு. செல்போன் இயந்திரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குடும்பச் சண்டை, நகை, பணம், பெயர், விலாசம் எதையும் அதில் எழுத வேண்டாம்.

நான்கு: வக்கீலிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். "ஐயா, மனுவில் காட்டியிருக்கும் தீர்ப்புகளை நீங்கள் படித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். நகலை எடுத்துக் காட்டுவார்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே!" என்பவர்களுக்கும் வழி உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி கிடைக்கும். வருமானம் குறைந்த மற்றவர்களும் கேட்கலாம். மாவட்ட கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அங்கே பதில் சொல்வதற்குப் பொறுப்பு உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள்.

இயந்திரம் வரட்டும். மலைபோல் குவிந்த காகிதங்களைப் படிக்கட்டும், தேடட்டும், மொழிபெயர்க்கட்டும். மனுவின் அடியில் ஒரு மனிதர் பெயர் எழுதுகிறாரே, அவர் மட்டும் மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் படித்திருக்க வேண்டும். நமக்குச் சொன்ன புத்திமதி கறுப்புக் கோட்டுப் போட்டவருக்கும் பொருந்தும்!