விமானச் சீட்டில் மிச்சம் யாருக்கு?

கடல் கடந்து பொருள் தேடச் செல்வது தமிழனுக்குப் புதிதன்று. பாய்மரம் போய்க் கப்பல் வந்தது. கப்பல் போய் விமானம் வந்தது. இன்று புதுக்கோட்டை, தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களில் வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ ஒருவரையேனும் அனுப்பாத தெரு அரிது. ஆகவே எங்கள் பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத வேலை ஒன்றும் வந்து சேர்ந்துவிடுகிறது. "தம்பி, எந்த டிக்கெட்டு கம்மின்னு செல்லுல பாத்துச் சொல்லு" என்று வாசலில் வந்து நிற்பார்கள். செல்பேசியும் ஒரு நொடியில் விலைகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. மலிவானது மேலே, விலை கூடியது கீழே. விரல் தானாகவே மேலே இருப்பதைத் தொடுகிறது. அது உண்மையில் மலிவுதானா என்பதே என் கேள்வி.

புதுக்கோட்டையிலிருந்து துபாய் செல்லும் ஒரு கட்டடத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னையோ 400 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. சென்னையிலிருந்து செல்லும் சீட்டு 4,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எங்கள் ஊரில் யாரும் வெளிநாட்டுக்குத் தனியாகக் கிளம்புவதில்லை. தம்பியோ மைத்துனரோ ஒருவராவது உடன் போவார். பயணிக்குப் பேருந்து, சாப்பாடு, நகருக்குள் அலைச்சல் எல்லாம் சேர்ந்து 1,100 ரூபாய். உடன் போய்த் திரும்புகிறவருக்கு 1,500 ரூபாய். ஆக 2,600. இதுவே திருச்சியானால் இருவருக்கும் 500 ரூபாயில் முடிந்துவிடும். ஆகவே 4,000இல் 2,100 கழிந்து, நிற்பது 1,900. உடன் போனவர் தினக்கூலிக்காரர் என்றால் இரண்டு நாள் வேலை போயிற்று. நாளுக்கு 700 வீதம் 1,400. மீதி 500 ரூபாய்! இந்த ஐந்நூறு ரூபாய்க்காக ஒருவர் இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து, விடியுமுன் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாநகரப் பேருந்து தேடி, திரிசூலம் வந்து சேர்ந்து, அதன்பிறகு விமானம் ஏறுகிறார். மறுநாளே வேலைக்கு வா என்றால் அதற்கும் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடைத்த விடுமுறையில், பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய ஒரு மாலைப் பொழுதும் இதில் போய்விட்டது. அதற்கு எந்த விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே கணக்கில் சேர்க்கவில்லை.

சென்னையே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. தனியாகப் போகிறவர், கையில் ஒரே பெட்டி, வித்தியாசம் எட்டாயிரம் பத்தாயிரம் என்றால் தாராளமாகச் சென்னைக்குப் பேருந்து ஏறட்டும். ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வட்டிக்கு வாங்கியவரிடம் போய், "பணத்தைப் பார்க்காதே, வசதியைப் பார்" என்று உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவன் பேச்சு. நான் கேட்பது ஒன்றே: ஒப்பிடுகிறபோது வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடத்தின் வாசல் வரை ஒப்பிட வேண்டும். எத்தனை கிலோ சாமான் அனுமதி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 கிலோ கட்டிவிட்டு 20 கிலோ அனுமதியுள்ள சீட்டை வாங்கினால், மிச்சம் பிடித்ததை விமான நிலையத் தராசு பிடுங்கிக்கொள்ளும்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் ஹான் என்றொரு விமான நிலையம். முன்பு அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்தது. மலிவுக் கட்டண நிறுவனம் ஒன்று அதைப் 'பிராங்க்பர்ட்' என்ற பெயரிலேயே விற்றது. பிராங்க்பர்ட் நகருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர்! திண்டிவனத்தில் இறக்கிவிட்டுச் சென்னை என்று சொல்வது போன்றதுதான்.

விமான நிலையம் இருக்கட்டும். இனி இணைப்பு விமானத்துக்கு வருவோம். நேராகப் போகும் விமானத்தைவிட, நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறிப் போகும் பயணம் பல சமயம் விலை குறைவாக இருக்கிறது. தூரம் கூடுகிறது, எரிபொருள் கூடுகிறது, விலை மட்டும் எப்படிக் குறையும்? காரணம் எளிது. நேராகப் போக விரும்புகிறவர் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். மாற்றி ஏற்றும் நிறுவனமோ, பல ஊர்களிலிருந்து ஆட்களைத் தன் தலைமை விமான நிலையத்தில் கொண்டுவந்து சேர்த்து, காலி இருக்கைகளை நிரப்பப் பார்க்கிறது. அலைய யாரும் விரும்பமாட்டார்கள் ஆதலால் விலையைக் குறைத்து அழைக்கிறது. ஆகவே அந்தத் தள்ளுபடி இனாம் அன்று. நம் அலைச்சலுக்குத் தரப்படும் கூலி. கூலி என்று புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகள் தாமே வரும். வேலைக்கு ஏற்ற கூலிதானா? வேலை செய்பவர் யார், கூலி வாங்குபவர் யார்?

சிங்கப்பூரில் மகளுக்குப் பேறுகாலம். ஊரிலிருந்து தாய் போக வேண்டும். திருச்சியிலிருந்து நேர்விமானத்தில் நாலு மணி நேரச் சொச்சம். மருமகன் செல்பேசியில் தேடிக் கோலாலம்பூர் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேறொரு நிறுவனத்தில் தனிச் சீட்டும் எடுத்து மூவாயிரம் மிச்சப்படுத்துகிறார். கோலாலம்பூரில் முனையம் இரண்டு; இரண்டாவது 2014இல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே இரயிலில் போக வேண்டும். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டுமானால், அந்த அம்மாள் குடிநுழைவு வரிசையில் நின்று, மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, இரயில் பிடித்து, மீண்டும் பெட்டியைப் போட்டு, மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாதவர் என்றால் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மூவாயிரம் கூலியை வாங்கியவர் மருமகன். வேலை செய்தவர் மாமியார்.

முதல் விமானம் தாமதமாகிவிட்டால்? ஒரே சீட்டாக எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊர் வரை தானே போகும். தனித்தனிச் சீட்டு என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு முதல் விமானத்தின் கதை தேவையில்லை. பயணி வரவில்லை என்று எழுதிவிட்டுப் பறந்துவிடும். புதுச் சீட்டு அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். ஆகவே முதன்முறை போகிறவர், வயதானவர், கைக்குழந்தையோடு போகிறவர், வேலையில் சேரும் நாள் நெருங்கிவிட்டவர் ஆகிய இவர்களுக்குத் தனித்தனிச் சீட்டு எடுத்து இணைப்பது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. இடம் தெரிந்த இளைஞன் தனக்குத் தானே எடுத்துக்கொண்டால் அது அவன் பாடு.

தொழிலாளிக்குக் கம்பெனி எடுத்துத் தரும் சீட்டிலும் இதே கதைதான். நடுவழியில் பத்து மணி நேரம் நாற்காலியில் கிடக்க வேண்டிய சீட்டாக இருக்கும். மிச்சம் கம்பெனிக்கு. கழுத்து வலி தொழிலாளிக்கு.

இவ்வளவு கணக்கும் நமக்கு ஏன் நேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய முனையம் 2024 சனவரியில் திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு சூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆயினும் எந்த நாட்டு நிறுவனம் எந்த ஊருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை இரு நாட்டு ஒப்பந்தங்களே முடிவு செய்கின்றன. துபாய்க்கு 2014இல் உயர்த்திக் கொடுத்த அளவு வாரம் ஏறத்தாழ 66,000 இருக்கைகள். துபாய் நிறுவனங்கள் பறக்கும் ஊர்களில் சென்னை உண்டு, கொச்சி உண்டு, திருவனந்தபுரம் உண்டு. திருச்சியைச் சேர்க்கச் சொல்லி இப்பகுதி மக்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மேலும் ஊர்களைத் திறந்துவிட்டால் நம் நாட்டு நிறுவனங்கள் நலியும் என்பது மறுப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை, பெட்டியோடு இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போகும் புதுக்கோட்டைக் கொத்தனாரும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒப்பந்தம் பேச உட்காருகிறவர்களின் கணக்கில் அந்த ஐந்நூறு ரூபாய்ப் பயணமும் ஒரு வரியாக இடம் பெற வேண்டும்.