கப்பல் காத்திருக்காது!

அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்முடா தீவில், 1946 வரை பொதுமக்கள் மோட்டார் கார் ஓட்டத் தடை! இன்றும் ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான்.

உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். ரோஜா நிற பஸ் இருக்கிறது. டாக்யார்டு துறைமுகத்தில் 7-ம் எண் பஸ்சில் ஏறினால், தென்கரை வழியாக ஹாமில்ட்டன் நகருக்குப் போகலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். வேலைக்குப் போகும் ஊர்க்காரர்களும் அதே பஸ்சில்தான் வருவார்கள். டாக்சியில் போனால் அவர்களைப் பார்க்க முடியுமா?

ஆனால், திரும்பும்போது பஸ்சை நம்பக்கூடாது. கூட்டம் நிறைந்த பஸ் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. நகரிலிருந்து படகில் வந்தால் 20 நிமிடம்தான். அதிலும் கடைசிப் படகு வேண்டாம். முந்திய படகே நல்லது. கப்பல் புறப்பட்டுவிட்டால், அடுத்த துறைமுகத்துக்கு விமானச் செலவு பயணியின் தலையில்!