கணினி முடங்கும்போது கலங்காதிருங்கள்



பிழைப்புக்காக நகரத்தில் குடியேறிய பல குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கணினி வாங்குகின்றன. அது ஒருநாள் இயங்காமல் நின்றுவிட்டால் வீடே பதறிப்போகிறது. பழுதுபார்ப்பவர் வந்து, "ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்கிறார், நாமும் தலையசைத்துவிடுகிறோம். ஊரிலுள்ள பெற்றோரின் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அத்தோடு அழிந்துபோகக்கூடும். கணினியின் பாகங்களைக் கடையில் வாங்கலாம். அதற்குள் இருந்த கோப்புகள் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே, பழுது எங்கே இருக்கிறது என்பதை முதலில் நாமே நிதானமாக அறிந்துகொள்வோம்.

1. பொத்தானை அழுத்தியும் அசைவில்லையா?

அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். கணினிப் பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பின்பு மின்கம்பியைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடியும் இணைத்துப் பாருங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். பழுதாகியிருக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பெட்டியின் இரும்புப் பாகத்தைத் தொடும்போது சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? அறையில் எர்த் இணைப்பு சரியாக இல்லை என்பதற்கு அது அறிகுறி. வாடகை வீடுகளில் இந்தக் குறை மிகுதி. எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைச் சரிசெய்யும்வரை பிள்ளைகளைக் கணினியின் அருகே விடாதீர்கள்.

2. விசிறி சுற்றியும் திரை இருண்டிருக்கிறதா?

மானிட்டர் கேபிளை இருமுனைகளிலும் கழற்றி மாட்டுங்கள். பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் ரேம்தான் காரணம். மின்கம்பியை நீக்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பின்பு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, கிளிப் பொருந்தும்வரை அழுத்திச் செருகுங்கள்.

3. தேதி பின்னோக்கிப் போகிறதா?

மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலான கணினிகளில் அது 3 வோல்ட் சி.ஆர். 2032 வகை, விலையும் சொற்பம். தேதி தவறாக இருந்தால், வங்கி முதலிய பாதுகாப்பான இணையதளங்களும் திறக்க மறுக்கும்.

4. சற்று நேரத்தில் தானாக அணைகிறதா?

தூசி அடைத்து, பிராசஸர் சூடேறியிருக்கலாம். கணினியை அணைத்து, விசிறியையும் காற்றுத் துளைகளையும் உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

இதுவரை சொன்ன நான்கும் வன்பொருள் பழுதுகள். ஃபார்மேட் செய்வதால் இவற்றில் ஒன்றும் தீராது என்பதை நினைவில் வையுங்கள்.

5. விண்டோஸ் திறக்கவில்லையா?

இங்கேதான் அவசரம் கூடாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டே விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும் வசதி உண்டு. அதுவும் பலிக்காவிட்டால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, கோப்புகளைப் பெரும்பாலும் நகலெடுத்துவிடலாம். ஆனால் டிஸ்கிலிருந்து டக் டக் என்ற ஒலி வந்தால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். அதன்பின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதத்தைப் பெருக்கும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அந்தக் கணினிகள் இயங்கும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் முன்போல் தாமாக வருவதில்லை. வங்கி வேலைகளை அவற்றில் செய்வோர் எச்சரிக்கையாயிருங்கள்.

6. "வைரஸ் புகுந்தது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை அலறுகிறதா?

அது பழுதல்ல, மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது. ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை மூடிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் சொல்லும் எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

இனி, பழுதுபார்ப்பவர் ஃபார்மேட் என்று சொன்னால், "முதலில் கோப்புகளை நகலெடுத்துக் கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் பேசும் மொழி உங்களுக்குச் சரளமாக வராவிட்டாலும், இந்த ஒரு வாக்கியத்தையாவது கற்றுவைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மேலானது, மாதம் ஒருமுறை முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி, பீரோவில் பத்திரப்படுத்துவது. இந்த மாதமே அதைத் தொடங்கிவிடுங்கள்.