வேப்பமுத்தும் வீட்டுச் சோப்பும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் பழுத்து உதிரும். ஆடித் தபசுக்கு ஜனங்கள் கூடும் காலமும் அதுவே. வரப்போரத்திலும், களத்துமேட்டிலும், கண்மாய்க் கரையிலும் உதிர்ந்தவற்றில் ஒரு பகுதி வியாபாரிகளின் சாக்கை அடைகிறது. மீதி சாரலிலும் புழுதியிலும் மக்கிப் போகிறது. அவ்வூர் வீடுகளிலேயே துணி வெளுக்கும் சோப்புக்காக மாதந்தோறும் ரொக்கம் கடைக்குச் செல்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து யோசிப்பது குடியானவர்களுக்கு நலம் பயக்கும்.

சோப்பு வழக்கத்திற்கு வருமுன் இந்நாட்டார் அழுக்கு நீக்க அறியாதிருந்தனர் என்று எண்ணலாகாது. சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளை நனைத்து, வெள்ளாவி வைத்து வெளுத்தனர். அம்மண்ணிலுள்ள சோடா உப்பே எண்ணெய்ப் பசையை இளக்கியது. சோப்பு என்பதும் எண்ணெயும் காரமும் கூடிப் பிறக்கும் பொருளேயன்றி வேறன்று. எந்த எண்ணெய் என்பதை அந்தந்த நாட்டின் விளைவே தீர்மானிக்கும். 1914-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் கோழிக்கோட்டில் சோப்புத் தொழிற்கூடம் நிறுவியபோது, மலையாளக் கரையில் தேங்காய்க்குக் குறைவில்லை. கரிசல் நாட்டுக்கு வாய்த்தவை வேம்பும் இலுப்பையும். உண்ணுதற்காகாத எண்ணெய்களைச் சோப்பாக்கும் தொழிலை, 1957-இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணைக்குழுவும் ஆதரித்து வந்துள்ளது.

கடையில் மலிவாய்க் கிடைக்கும்போது இத்தொல்லை எதற்கு என்று கேட்பார் உளர். அவர் கேள்வி நியாயமானதே. எண்ணெய் முழுவதையும் விலைக்கு வாங்கிச் சோப்புச் செய்பவருக்கு லாபம் இராது. சொந்த மரத்து முத்தைச் செக்கிலாட்டுபவரின் கணக்கோ வேறு. பிண்ணாக்கில் 100-க்கு ஏறக்குறைய 5 பங்கு தழைச்சத்து உண்டு. அது நிலத்திற்கு எருவாகும். எண்ணெய் சோப்பாகும். ஒரே முத்து இரண்டு செலவுகளைக் குறைப்பதால்தான் இது கட்டுபடியாகிறது.

பழத்தை அன்றன்றே பொறுக்கி, தோலும் சதையும் நீங்கக் கழுவி, முத்தை நிழலில் உலர்த்த வேண்டும். பூஞ்சணம் பிடித்த முத்தின் எண்ணெய் நல்ல சோப்பைத் தராது. வேப்பெண்ணெய் மட்டும் போதிய நுரை தராதாகையால் தேங்காய் எண்ணெய் சிறிது கூட்டுவது சிலாக்கியம். வேப்பெண்ணெய் 600 கிராம், தேங்காய் எண்ணெய் 400 கிராம், காஸ்டிக் சோடா 145 கிராம், நல்ல தண்ணீர் 350 கிராம். யாவும் தராசில் நிறுத்தே எடுக்கத் தக்கன. கைக்கணக்கு உதவாது. காரம் மிகுந்தால் கையும் துணியும் கெடும்; குறைந்தால் சோப்புப் பிசுபிசுக்கும். தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இட்டுக் கரைத்து, சூடு தணிந்தபின் எண்ணெயில் மெல்ல ஊற்றி, கூழாக இறுகும்வரை கிண்ட வேண்டும். பின்னர் அச்சில் வார்த்து, மறுநாள் துண்டு போட்டு, ஒரு மாதம் காற்றில் உலரவிடுதல் அவசியம். புதிதில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிற்கும். உலர உலர எடை குறையும். வேப்ப வாடை சிறிது தங்குமாதலால், வேலைத் துணிகளுக்கும் சாக்குகளுக்கும் இது மிகவும் ஏற்றது.

இத்தொழிலில் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அது காஸ்டிக் சோடா. காரத்தின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றலாகாது; கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடுமாதலால் எவர்சில்வர் பாத்திரமே தக்கது. கண்ணில் பட்டால் இடைவிடாமல் இருபது நிமிஷமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். பார்வைக்குக் கற்கண்டை ஒத்த இப்பொருளை அடுக்களையில் வைப்பது குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும். ஆதலின் வீடுதோறும் காரம் வாங்கி வைப்பதைவிட, ஊருக்கு ஒரு கொட்டகை, ஒரு தராசு, பூட்டிய ஒரு பெட்டி என்ற ஏற்பாடே தகும். எண்ணெய் அவரவருடையதாக இருக்கட்டும். காரம் மாத்திரம் பொறுப்புள்ள ஒருவர் கையில் இருக்கட்டும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சுண்ணச்சத்து மிகுந்த கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் வெண்ணிறத் திப்பியாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். சோப்பு மட்டம் என்று பலர் பழிப்பதற்கு உண்மைக் காரணம் நீரே. மழைநீரோ கண்மாய் நீரோ கிடைக்கும் நாளில் வெளுப்பது நன்று. கிடையாதபோது, நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, தெளிந்தபின் மேல்நீரை எடுத்தாளலாம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி பெரிது. பாதையோரத்திலும் புறம்போக்கிலும் நிற்கும் வேம்பு, இலுப்பை மரங்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, விதிகளுக்குட்பட்டு முத்துப் பொறுக்கும் உரிமையை அவ்வூர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு அளிக்கலாம். கொட்டகைக்கு இடமும், காரப்பெட்டியின் சாவிக்கு உரியவர் இன்னார் என்ற தீர்மானமும் பஞ்சாயத்திலேயே ஏற்படலாம். இவை ஆனி பிறக்குமுன் முடிந்திருத்தல் வேண்டும். முத்து உதிர்ந்தபின் கூடும் கூட்டத்தால் அவ்வருஷத்திற்குப் பிரயோஜனமில்லை.