படம் பிடிக்கிறவருக்குச் சோறு போட்டது யார்?

ஒருவர் நடுக்காட்டில் தன்னந்தனியே மாட்டிக்கொள்கிறார். கையில் ஒரு கத்தி. முதுகில் ஒரு பை. மழை கொட்டுகிறது. மரப்பட்டையை உரித்துக் கொழுத்த புழு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, புரதச் சத்து மிகுந்தது என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்.

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு தொலைக்காட்சியில் இதைப் பார்த்திருந்தபோதுதான், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி கேட்டார்கள்:

“ஏட்டி, இவன் ஒத்தையிலதான போயிருக்கான்? அப்போ படம் புடிக்கிறவன் எங்க நிக்கான்? அவனுக்கு யாரு சோறு போட்டா?”

அன்றோடு என் பயபக்தி போயிற்று. வீரர் செங்குத்துப் பாறையில் தொங்கினால், மேலேயிருந்து அவர் முகத்தைப் படமெடுப்பவர் எவ்வழியே ஏறினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. மனிதர் காலடியே படாத குகைக்குள் வீரர் நுழைகிறார். உள்ளேயிருந்து விளக்கும் காமிராவும் அவரை வரவேற்கின்றன! அத்தனை மூட்டைகளையும் சுமந்து முன்னே போனவரல்லவா மெய்யான வீரர்? அவர் புழு தின்று நான் பார்த்ததில்லை.

ஆச்சி கேட்டதை 2007இல் பிரிட்டனில் பத்திரிகைகளும் கேட்டன. புகழ்பெற்ற பியர் கிரில்ஸ், காட்டில் கிடந்ததாகக் காட்டிய சில இரவுகளை விடுதியில் கழித்தார் என்றும், அவர் கண்ட ‘காட்டுக்’ குதிரைகள் கொண்டுவந்து விடப்பட்டவை என்றும் செய்தி வந்தது. பிறகு, படக்குழுவின் உதவி உண்டு, சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்று நிகழ்ச்சியிலேயே அறிவிப்புப் போட்டார்கள். அதை யார் படிக்கிறார்கள்? 2020இல் ரஜினிகாந்த் அவரோடு பந்திப்பூர்க் காட்டுக்குப் போனபோது எங்கள் தெருவில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரஜினி போகும் காட்டில் காமிரா இல்லாமலா இருக்கும்!

கனடா நாட்டு லெஸ் ஸ்ட்ராவுட் இன்னொரு வகை. காமிராக்களைத் தாமே சுமந்து, தம்மைத் தாமே படமெடுத்தவர். தாம் தொலைவில் நடந்து மறைவதைக் காட்ட வேண்டுமானால், காமிராவை நிறுத்திவிட்டு நடந்துபோய், திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே தூரம் நடப்பார். வெறும் வயிற்றோடு ஒரே மேட்டில் இரண்டு தரம் ஏற்றம்! எனக்கு அவர்மேல் மதிப்பு. என் தம்பிக்கோ அவரைப் பார்த்தால் கொட்டாவி.

தம்பிக்குக் குதிப்பவர்தாம் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சென்ற விடுமுறையில் கிணற்றடிச் சுவரிலிருந்து குதித்தான். திரையில் குதிப்பவருக்குக் கீழே ஆள் உண்டு. இவனுக்குக் கீழே இருந்தது கோழிக்கூடு. கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் படுத்திருந்தான். வேடிக்கையை வேடிக்கை என்று காட்டட்டும். பாடம் என்று காட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உண்மையில் காட்டில் பிழைத்த ஒருத்தியைப் பற்றி அண்மையில் படித்தேன். 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் மின்னல் தாக்கி ஒரு விமானம் வானிலேயே உடைந்தது. இருந்த 92 பேரில் பிழைத்தவள் யூலியானே கோப்கே ஒருத்திதான். நம்மைப் போன்ற மாணவி, வயது 17. பள்ளி நிறைவு விழா முடிந்த கையோடு தாயுடன் தந்தையிடம் போய்க்கொண்டிருந்தவள், சுமார் 3,000 மீட்டர் உயரத்திலிருந்து இருக்கையோடு காட்டில் விழுந்தாள். காறை எலும்பு முறிந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. காலில் ஒற்றைச் செருப்பு.

அவள் பாம்பைப் பிடிக்கவில்லை, பாறையில் தொங்கவில்லை. கிடைத்த ஒரு பை மிட்டாயைத் தின்றாள். தெரியாத காய்கனி எதையும் தொடவில்லை. ஓடையோடு போனால் ஆறு வரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்று விலங்கியல் அறிஞரான தந்தை சொல்லிக்கொடுத்திருந்தார். அதை நினைவில் வைத்து மெல்ல நடந்தாள். 11 நாள்களுக்குப் பின் மரம் வெட்டுவோர் அவளைக் கண்டார்கள். இதை உள்ளபடியே படமெடுத்தால், தம்பி ஐந்தே நிமிடத்தில் வேறு சானலுக்கு மாற்றிவிடுவான்.

ஆச்சிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். உரலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். காமிராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அவ அம்மை?” என்றார்கள். இறந்துவிட்டார் என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பதினோரு நாளும் அந்தப் பிள்ளைக்கு மிட்டாய்தானா?” என்றார்கள்.